ஆயிரத்து முந்நூற்று நான்கு மிட்டாய்கள்

கண்ணாடி ஜாடியில் மிட்டாய் நிரப்புவதற்கு முன், ஜாடியைக் கழுவி ஒரு பகல் முழுவதும் வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் மிட்டாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடைவெளிகளைக் கெடுத்துவிடும். நிரப்பிய பின் ஜாடியின் பக்கங்களை உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் இன்னும் ஒரு கைப்பிடி இறங்கும். இவை எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய சாதாரணச் செய்திகள். எங்கள் ஊரில் இவற்றை அறிந்தவன் நான் ஒருவனே.

மெதுவாகவே எழுதிக்கொள், பூத்ராம். நீ போலீஸ் சார்ஜன்ட் ஆனதில் எனக்கு வியப்பில்லை. உன் வகுப்பில் பலரும் ஏதேனும் ஒன்று ஆகிவிட்டார்கள். உனக்கு வேகமாக எழுத வராது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆகையால் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்தியே கூறுகிறேன். என் பெயர் ஹோரஸ் லெஸாமா. ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். இந்த ஊரில் என்னை ஜாடி சார் என்று அழைப்பார்கள். அது அன்பால் வைத்த பெயர் அன்று.

அறுவடைத் திருநாளுக்கு மாதா கோவில் வளாகத்தில் ஒரு ஜாடி வைப்பது எங்கள் வழக்கம். அதில் பாரடைஸ் பிளம் மிட்டாய். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். உள்ளே எத்தனை என்று சரியாகவோ, சரிக்கு மிக அருகிலோ எழுதுபவருக்கு ஜாடி சொந்தம். இதற்கு வழி இருக்கிறது. ஜாடியின் கொள்ளளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மிட்டாயின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். கொட்டி நிரப்பிய உருண்டைகள் நூற்றுக்கு அறுபத்து நான்கு பங்கு இடத்தையே அடைக்கும், நீள்வட்ட மிட்டாய் சற்றுக் கூடுதலாக அடைக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிறகு வகுத்துவிட வேண்டியதுதான். இதை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஆண்டுதோறும் நானே வென்றேன். எவரும் கற்றுக்கொள்ளவில்லை.

அவர்கள் கனவு கண்டார்கள்.

வே-வே சூதாட்டத்தின் பட்டியலை உனக்கு நான் கூற வேண்டியதில்லை. ஏழாம் வாய்பாட்டில் திணறுகிறவன்கூட அதைத் தூக்கத்தில் ஒப்பிப்பான். எனினும் எழுதிக்கொள், இதைப் படிக்கும் நீதிபதி வேறு தீவிலிருந்து வந்தவராக இருக்கலாம். முப்பத்தாறு எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம். பூரான் ஒன்று, கிழவி இரண்டு, ஆண் பிணம் நான்கு, பன்றி ஏழு, தேரை பதின்மூன்று, புறா பதினேழு, நாய் இருபது. கனவில் எது வந்ததோ, விழித்திருக்கும்போது எது கண்ணில் திடுக்கென்று பட்டதோ, அதன் எண்ணில் பணம் கட்டுவார்கள். ஜாடிக்கும் அதே வழிதான். இரண்டு உருவங்கள் வந்தால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவார்கள்; இரண்டாவது ஒற்றை இலக்கமானால் அதற்கு முன் ஒரு சுழியம் சேர்ப்பார்கள். படித்த பாதிரியார் உட்பட எவருக்கும் இது வெட்கமாகத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு என் அடுத்த வீட்டு யூடோரா, தூக்கத்தில் ஒரு பன்றியையும் ஒரு புறாவையும் கண்டாள். 717 என்று எழுதினாள். நான் 726 என்று எழுதியிருந்தேன். ஜாடியில் இருந்தவை 719. கடைக்காரர் அச்சாங், மிட்டாய் போதவில்லை என்று நடுவில் புளி உருண்டைகளைப் போட்டு நிரப்பியிருந்தார். உருண்டைகளின் அளவு வேறு. ஆகவே அந்தப் பிழை என்னுடையது அன்று. அதை நான் மேடையில் விளக்க முற்பட்டேன்.

யூடோராவின் அண்ணன் பாய்ஸி விளக்க விடவில்லை. பாய்ஸி என்னைவிட மூத்தவர். ஆகையால் மரியாதையாகவே குறிப்பிடுகிறேன். வேலை என்று எதுவும் செய்யாமல், அச்சாங் கடை வாசலில் பாதாம் மரத்தடியில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த மனிதர்.

“ஜாடி சார், வட்டம் போட்டீங்க, கோடு போட்டீங்க, வகுத்தீங்க, பெருக்குனீங்க. எந்தங்கச்சியோட பன்னி வந்து ஒரே முட்டுல உங்களத் தள்ளிடுச்சே சார்” என்றார்.

ஊரே சிரித்தது. பாதிரியாரும் சிரித்தார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. அதன் பிறகு நான் தெருவில் நடந்தால் மரத்தடியிலிருந்து பன்றி உறுமும் ஓசை வரும். ஓராண்டு முழுவதும் வந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதை எழுதிக்கொள்.

இந்த ஆண்டு பாதிரியார் என் வீட்டுக்கு வந்து, “இனிமே நீங்க போட்டி போட வேணாம் சார். ஜாடிய நீங்களே நிரப்பிக் குடுங்க. ஒங்களவிட நேர்மையான ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா?” என்றார். மரியாதை பூசிய விலக்கல். நான் ஒப்புக்கொண்டேன்.

ஜாடியைக் கழுவினேன், காய வைத்தேன், ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன். கழுத்துவரை வந்தபோது 1304. இருபது மிட்டாய்கள் மீந்தன. அந்த வழியாகத் தூண்டிற்கயிற்றுடன் சென்ற பாய்ஸியை அழைத்து அவற்றைக் கொடுத்தேன். என் மனத்தில் அவர்மேல் பகை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

“எண்ணிட்டீங்களா சார்? எண்ணாம குடுத்தா ஒடம்புக்கு ஆகாது” என்றார். இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக் கடகடவென்று கடித்தபடியே போனார். வேலியைத் தாண்டியதும் பன்றி உறுமிற்று.

அன்று பிற்பகல் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1304. அவர்கள் பாஷையில் பதின்மூன்று, தேரை, நான்கு, பிணம். அப்பொழுதுதான் இத்தனை ஆண்டுகள் கரும்பலகையால் ஆகாததை ஒரு செய்முறையால் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. இவர்களுக்கு அறிகுறிகள் வானத்திலிருந்து வருவதில்லை. எதைக் கண்முன் வைக்கிறோமோ அதைக் காண்கிறார்கள், கண்டதை எழுதுகிறார்கள். யூடோராவின் கண்ணில் முதலில் ஒரு தேரையும் பிறகு ஒரு பிணமும் பட்டால் அவள் 1304 என்று எழுதுவாள். பரிசு வாங்க அவள் மேடையேறும்போது நான் எழுந்து, அவற்றை வைத்தவன் நான் என்று கூறுவேன். அத்துடன் அந்த மடமை ஒழியும். ஓர் ஊரையே தெளிய வைப்பது சிறிய காரியம் அன்று.

ஜாடியை ஒரு வாரம் என் வீட்டிலேயே வைத்திருந்தேன். திட்டத்தை ஒழுங்காக வகுத்துக்கொள்ள அவகாசம் வேண்டியிருந்தது. பிறகு அதை அச்சாங் கடையில் கொண்டுபோய் வைத்தேன்; திருநாள்வரை ஊரார் ஜாடியைப் பார்த்துச் சீட்டெழுதிப் பெட்டியில் போடுவது அங்கேதான்.

தேரை எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யூடோராவின் பின்படியில் காய்ந்துகொண்டிருந்த மூடிய பூசைச் செருப்புக்குள் ஒரு தேரையைப் பிடித்துப் போட்டேன். அவள் காலை நுழைத்துவிட்டுப் போட்ட கூச்சல் கோவில் வரை கேட்டது.

“யாரோ எனக்குச் செய்வினை வச்சுட்டாங்க. செருப்புல தேரை வருமா? நீயே சொல்லு” என்று அவள் கோவில் வாசலில் எல்லாரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“செய்வினையாவது ஒண்ணாவது” என்றார் பாய்ஸி. “ஒன்னக் கட்டிக்க எவனும் வரலன்னு அதாவது வந்துச்சே, அத வெரட்டிட்டியே. பதிமூணு. மனசுல வச்சுக்க. இன்னொண்ணு வரணும். அவசரப்படாத, அது தானா வரும்.”

இதை அவர் தம் வாயாலேயே கூறினார். சுற்றி நின்றவர்கள் அனைவரும் கேட்டார்கள்.

இரண்டாவது அறிகுறிக்கு நான் முதலில் மென்மையான வழிகளையே நாடினேன். யூடோராவின் வீட்டுக்குச் சென்று, என் மாமா இறந்து கிடந்த கோலத்தை, மூக்கில் வைத்த பஞ்சு முதல் கால் கட்டைவிரலில் கட்டிய துணி வரை விரிவாக வருணித்தேன். கனவில் வரட்டும் என்பது நோக்கம். “பாவம் சார், எவ்வளவு நாளா இத மனசுல வச்சிருந்தீங்களோ” என்று எனக்குத் தேநீர் கொடுத்தாள். மறுநாள் விசாரித்தபோது கனவில் சீமைப்பலா வந்ததாகக் கூறினாள். சீமைப்பலாவுக்கு எண் இல்லை. ஒரு கனவைக்கூட ஒழுங்காகக் காண இவர்களுக்கு வராது.

இயற்கையாகவே ஒருவர் இறக்கக்கூடும் என்றும் காத்திருந்தேன். ஊரில் அப்பொழுது சாகக் கிடந்தவள் ஒருத்தியே: மீன்காரி ஹெர்மின். அவள் இறந்தால் கிழவி, இரண்டு. 1302 ஆகிவிடும். இரண்டு மிட்டாய் பிழை. பிழையை நான் ஏற்பதில்லை. தவிரவும் ஹெர்மின் எழுந்து உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டாள்.

திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பாய்ஸியைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களைக் கூறுகிறேன். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. வயதாகிவிட்டது, நுரையீரலும் சரியில்லை, நாள்தோறும் ரம் குடித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, யூடோராவின் சமையலறை ஜன்னல் ஓடையைப் பார்த்திருக்கிறது. பாய்ஸியின் குடிசை ஓடைக்கு அப்பால். காலையில் தங்கை காய்ச்சும் கொக்கோ குடிப்பதற்கு அவர் ஓடையின் குறுக்கே போட்ட பலகையைக் கடந்து வருவார். வேறு எவராக இருந்தாலும் பிணத்தை யூடோராவின் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டியிருந்திருக்கும். இவர் தாமாகவே நடந்து வந்துவிடுவார். இதில் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு எங்கே இருக்கிறது?

பலகையை அக்கரையில் இரண்டு ஆணிகள் பிடித்திருந்தன. அவற்றைப் பிடுங்கிவிட்டேன். அவை இதோ உன் மேசைமேல் இருக்கின்றன. ஓட்டையோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலமாதலால் ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிற்று. பலகை புரண்டது, பாய்ஸி கற்களின்மேல் விழுந்தார். அந்த ஓசையைக் கேட்டு நான் என் வேலியோரமாக இறங்கிச் சென்றேன். என் கணிப்பில் ஒரு குறை இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். அவர் உயிரோடிருந்தார். கால் மட்டுமே முறிந்திருந்தது.

“நல்ல வேள சார், நீங்க வந்தீங்க” என்றார். “காலு போச்சு. கொஞ்சம் கை குடுங்க. யூடோராவக் கூப்புடாதீங்க, பயந்துருவா.”

முறிந்த காலுக்கு அந்தப் பட்டியலில் எண் இல்லை.

ஆகையால் கையைக் கொடுத்தேன். முகம் தண்ணீருக்குள் இருக்கும்படி கொடுத்தேன். அவர் சிறிது சிரமப்பட்டார், நான் அவசரப்படவில்லை. முடிந்த பிறகு அவரைப் புரட்டித் தூக்கி, ஜன்னலுக்கு நேராக நின்றேன். யூடோரா கொக்கோப் பாத்திரத்துடன் ஜன்னலண்டை வந்தாள்.

“அண்ணே” என்றாள். அவ்வளவே.

நான்கு என்று கூறவில்லை. பாத்திரத்தைக் கீழே வைக்கவும் இல்லை. கையில் பிடித்தபடியே ஓடைவரை ஓடிவந்தாள். பிறகு என் நனைந்த சட்டையைத் தொட்டு, “நீங்க மட்டும் எறங்கலன்னா தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும் சார். கடவுள் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்” என்றாள். நான் அந்த நன்றியை மறுக்கவில்லை. செய்முறை முடியும் முன்பு விளக்கம் கூறுவது முறையன்று.

அடக்கம் முடிந்த பிற்பகலில் கடைக்குச் சென்று யூடோராவின் சீட்டு பெட்டியில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. வந்தவர்கள் மற்றவர்கள். குழி தோண்டியவர்கள் கைமண்ணைக்கூடக் கழுவாமல் ஜாடியைச் சுற்றி நின்றார்கள்.

“செத்தவனுக்கு நாலு.”

“மொதல்ல தேரை வந்துச்சே, யூடோரா அத்த செருப்புல.”

“அப்ப பதிமூணு, நாலு. இன்னொண்ணு தானா வரும்னு அன்னிக்கே சொன்னாரேப்பா.”

“போறப்பவும் சும்மாப் போகலடா பாய்ஸி அண்ணன். குடுத்துட்டுதான் போயிருக்காரு.”

அச்சாங் கண்ணைத் துடைத்துக்கொண்டே சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். தாமும் ஒன்று எழுதினார். ஒருத்திக்காக நான் வகுத்த பாடத்தை ஊரே எழுதிக்கொண்டு நின்றது. ஒருவனுக்காவது ஐயம் எழவில்லை. இவர்களைக் குறைத்து மதிப்பிட எவராலும் இயலாது என்று அன்று புரிந்துகொண்டேன்.

திருநாளன்று பாதிரியார் வெள்ளைத் துணி விரித்து ஜாடியைக் கவிழ்த்து எண்ணினார். 1304. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவைக்குறி இட்டார்கள். ஏறக்குறைய பாதி ஊர் அதே எண்ணை எழுதியிருந்தது. மிட்டாயை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கப் பாதிரியார் முடிவு செய்தார். வாங்கிய ஒவ்வொருவரும் முதல் மிட்டாயை வாயில் போடும் முன், “பாய்ஸிக்கு” என்றார்கள்.

நான் எழுந்தேன். மேடையேறினேன். வகுப்பில் நிற்பதுபோல் நின்று, தெளிவாக, ஒழுங்காக, எல்லாவற்றையும் கூறினேன். தேரையைச் செருப்பில் போட்டவன் நான். ஆணிகளைப் பிடுங்கியவன் நான். முகத்தைத் தண்ணீரில் அழுத்தியவன் நான். உங்கள் அறிகுறிகள் யாவும் என் கைவேலை. இனியேனும் கொள்ளளவைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

“பாவம் சார்” என்றார் அச்சாங். “பொணத்தத் தூக்குனது அவருதான. மனசு கலங்கிப் போச்சு.”

“எறங்குங்க சார், வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு. யாராச்சும் ஒரு இளநி வெட்டுங்கப்பா.”

“அதெல்லாம் இல்ல, பொறாம. செத்தவன் ஜெயிச்சதக்கூட சாருக்குப் பொறுக்கல பாரு.”

மரத்தடிப் பக்கத்திலிருந்து எவனோ ஒருவன், மெல்லத்தான், பன்றிபோல் உறுமினான். அவர்கள் சிரித்தார்கள். அழுத கண்களோடு சிரித்தார்கள். பாதிரியார் என் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

சிரிக்காதவள் யூடோரா ஒருத்தியே. கறுப்பு உடையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எந்த எண்ணும் எழுதியிருக்கவில்லை என்பதை முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணன் கடைசியா ஏதாச்சும் சொல்லுச்சா சார்?”

நான் பொய் கூறுகிறவன் அல்லன். “உங்களைக் கூப்பிட வேண்டாம் என்றார், பயந்துவிடுவீர்கள் என்றார்” என்றேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தனக்குக் கொடுத்த மிட்டாயை என் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவள், அந்த எண்ணைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் பாடத்தைப் புரிந்துகொண்டாளா இல்லையா என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

ஆகையால்தான் இங்கே நடந்து வந்தேன். எவரும் என்னைப் பிடித்து வரவில்லை. செய்தவன் பெயர் இல்லாமல் ஒரு செய்முறை நிற்கலாகாது. அதை ஒரு சோம்பேறியின் ஆவி செய்ததாக ஊர் நம்பிக்கொண்டிருப்பதை நான் அனுமதிக்க முடியாது. நீ எழுது, நான் கையொப்பமிடுகிறேன்.

பேனாவை ஏன் வைத்துவிட்டாய்?

“சார், ஒண்ணு கேக்கலாமா? ஜாடி ஒரு வாரம் ஒங்க வீட்டுலதான இருந்துச்சு? மீதி இருவதக் குடுத்துட்டாலும் கடையில வேற மிட்டாய் வாங்கியிருக்கலாம். தட்டுனா இன்னும் ஒரு கைப்பிடி எறங்கும்னு நீங்கதான சொன்னீங்க. அதுல பதினாற உள்ள போட்டிருந்தா ஆயிரத்து முந்நூத்து இருவது. தேரை, நாய். ஊரெல்லாம் நாய்தான சார் அலையுது. பாய்ஸி எதுக்கு சார்?”

கூட்டல் சரி, பூத்ராம். நீ என்னிடம் சரியாகப் போட்ட முதல் கணக்கு இதுவாகத்தான் இருக்கும். ஆனால் உனக்கு அடிப்படையே விளங்கவில்லை. ஜாடி நிரம்பிவிட்டது, நான் எண்ணிவிட்டேன், விடை வந்துவிட்டது. வந்த விடையைத் தனக்கு வசதியாகத் திருத்துகிறவனை நான் வகுப்பில் முழங்கால் போட வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் ஒரு மிட்டாய் அளவுகூட நான் ஏமாற்றியதில்லை.

பேனாவை எடு. அதையும் எழுதிக்கொள்.